‘பரையா’: ஆங்கில வகுப்பில் வந்த ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறோம். பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. தெருப் பிள்ளைகள் இருபது பேர், ஒரு கரும்பலகை, பழைய ஆங்கில நாளிதழ்கள். இலக்கணம் பள்ளிக்கூடத்தில் எப்படியும் நடத்திவிடுகிறார்கள். நாளை ஒரு நேர்காணலில் உட்கார்ந்தால் பிள்ளைகள் வாயடைத்துப் போகக்கூடாது என்பதற்காக, அன்றாடம் புழங்கும் சொற்களையும் தொடர்களையும் நாங்கள் எடுக்கிறோம்.

அன்றைக்கு எடுத்த செய்தியில் ‘சோஷியல் பரையா’ என்ற தொடர் வந்தது. ஏதோ ஒரு வழக்கில் சிக்கிய நடிகரைப் பற்றிய செய்தி. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கைப்பேசியில் அர்த்தம் பார்த்து உரக்கப் படித்தார்: சமூகத்தால் வெறுத்து ஒதுக்கப்பட்டவர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நாங்களும் அடுத்த வரிக்குப் போயிருப்போம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், அவன் அப்பா தப்பு அடிக்கிறவர், எழுந்து கேட்டான்: “சார், இது நம்ம பேரா?”

வகுப்பு ஒரு நிமிடம் சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் பெண் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பாடம் நடத்த வந்த எங்கள் இருவரிடமும் அந்த நேரத்தில் தயாரான பதில் எதுவும் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறோம் என்று தள்ளிப்போட்டோம். அந்த வாரத்தில் நாங்கள் படித்ததும் பேசிக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மொழிப்பாடம். ஆமாம், அது நம்ம பேர்தான். பறையர் என்ற தமிழ்ச் சொல்லைப் போர்த்துகீசியர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்களது எழுத்தில் இந்தப் பெயர் வருகிறது. ஆங்கில அச்சில் 1613லேயே இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலேயர் நாக்கில் புரண்டதில் கடைசி ‘ர்’ உதிர்ந்து, நடு எழுத்தில் அழுத்தம் விழுந்து, ‘பரையா’ ஆகிவிட்டது. ஆரம்பத்தில் அது ஒரு சாதியின் பெயராக மட்டுமே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் யாரும் சேர்த்துக்கொள்ளாத எவரையும் குறிக்கும் பொதுச்சொல் ஆனது.

இன்று அதை யார் பயன்படுத்துகிறார்கள்? எல்லோரும்தான். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவை உலகம் ‘பரையா ஸ்டேட்’ என்றது. நிறத்தின் பெயரால் மனிதரைப் பிரித்த ஓர் அரசைத் திட்டுவதற்கு, பிறப்பின் பெயரால் பிரிக்கப்பட்ட நம் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. 2019 நவம்பரில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் விவாத மேடையில், பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலையைப் பற்றிப் பேசிய ஜோ பைடன், சவுதி அரேபியாவை ‘பரையா’ ஆக்குவோம் என்றார். அந்த மேடையில் இருந்த யாருக்கும் அது ஒரு மக்களின் பெயர் என்று தோன்றியிருக்காது. தெருநாய்க்கு ‘பரையா டாக்’. கரும்பருந்துக்கு இந்தியப் பறவை நூல்களில் நெடுங்காலம் ‘பரையா கைட்’. மட்டமான சாராயத்துக்கும்கூட வெள்ளைக்காரர்கள் இந்தப் பெயரை ஒட்டவைத்திருந்தார்கள். நாய், பருந்து, சாராயம், சவுதி அரேபியா!

ஆங்கிலத்தில் கலந்த தமிழ்ச் சொற்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், காசு, கறி. எங்கள் தமிழ் உலகத்துக்கே சொல் கொடுத்தது என்று பெருமைப்படும் பட்டியல். அதில் இந்தச் சொல் இருக்காது. அப்படியே இருந்தாலும் கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் நடுவில் சும்மா கிடக்கும். கட்டுமரம் போன வழியில்தான் இதுவும் போனது. கட்டுமரத்துக்கு வலிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பறை என்பது என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டால் மேளம் என்பார்கள். சரிதான். வட்டமான மரச்சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, வைக்கோல் தீயில் காய்ச்சி, அடிக்குச்சி ஒரு கையிலும் சுண்டுகுச்சி மறு கையிலுமாக அடிப்பது. தஞ்சைப் பக்கத்தில் இதையே தப்பு என்கிறோம், ஆட்டத்தைத் தப்பாட்டம் என்கிறோம். ஆனால் ‘பறை’ என்பதற்குச் சொல், அறிவி என்றும் பொருள் உண்டு. ‘பறைசாற்றினான்’ என்று பள்ளிப் பாடநூலில் வருகிறதே, அது. மலையாளத்தில் பேசுவதற்கே அந்தச் சொல்தான். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை ஒன்றாகச் சேர்க்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனும் ஒரு குடியாக வருகிறான். மாங்குடி கிழார் பாடிய அந்தப் பாட்டில் இழிவு இல்லை.

இழிவு எப்போது ஏறியது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. ஆனால் ஒரு சாட்சி நம்ம ஊரிலேயே நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் விட்ட ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில், வரிக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டிய நிலங்கள் ஊர்வாரியாக எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே இருக்கிறது. பெரிய கோயிலைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் விமானத்தின் உயரத்தைச் சொல்கிறார்கள், நந்தியைக் காட்டுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நத்தம் வேறு, சேரி வேறு என்று அளந்து எழுதிய கல் அதே கோயிலில் இருப்பதை யாராவது காட்டியிருந்தால் எங்கள் வேலை குறைந்திருக்கும்.

இனி வெள்ளைக்காரர் அகராதிக்கு வருவோம். இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கென்று 1886ல் வந்த புகழ்பெற்ற அகராதி ‘ஹாப்சன் ஜாப்சன்’. ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் என்ற இருவர் சேர்ந்து செய்தது. இந்தப் பர்னெல் யார் தெரியுமா? தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். அரண்மனையின் சரசுவதி மகாலில் இருந்த வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அகராதி அச்சாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1882ல், இறந்துவிட்டார். ‘பரையா’ என்ற சொல்லை ஆங்கில உலகத்துக்கு விளக்கிய புத்தகத்தின் ஒரு கை, நம்ம தஞ்சாவூர்க் கோர்ட்டில் தீர்ப்பு எழுதிய கை. அந்தக் கோர்ட்டுக்கு வந்த நில வழக்குகளில் நம்முடையவர்கள் எத்தனை பேர் வாதியாக நின்றிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். நிலம் இருந்தால்தானே வழக்கு.

அகராதி ஒரு விஷயத்தைச் சரியாகவே சொல்கிறது: பறையர் என்பது பெரிய எண்ணிக்கை கொண்ட ஒரு சாதியின் பெயர். சாதியே இல்லாதவர், எல்லாச் சாதிக்கும் கடைசி என்றெல்லாம் ஐரோப்பியர் எடுத்துக்கொண்டது தவறு. பறை என்ற மேளத்திலிருந்து பெயர் வந்தது என்றும் சொல்கிறது. இதில் எங்களுக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. டெல்டாவில் நூறு குடும்பம் உள்ள தெருவில் தப்பு எடுக்கிற குடும்பம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மிச்சப்பேர் எல்லாம் சேற்றில்தான். நாற்று பறித்தவர்கள், அண்டை வெட்டியவர்கள், தண்ணீர் பாய்ச்சியவர்கள், அறுத்தவர்கள், அடித்துத் தூற்றியவர்கள். சாவுக்கு மேளம் அடிக்கும்போது மட்டும் ஊர் அவர்களைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சரி, சாதிப் பெயர் எப்படி ‘வெறுத்து ஒதுக்கப்பட்டவர்’ ஆனது? இதில் ஆங்கிலேயரைவிடப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பங்கு அதிகம். 1791ல் பெர்னார்தென் த சேன் பியேர் என்ற எழுத்தாளர் ‘இந்தியக் குடிசை’ என்று ஒரு கதை எழுதினார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஓர் ஆங்கில அறிஞன் ஜெகந்நாதத்துப் பெரிய பிராமணரிடம் போகிறான், ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் புயல். ஒரு பறையரின் குடிசையில் ஒதுங்குகிறான். அங்கேதான் அவன் தேடிய ஞானம் கிடைக்கிறது. குடிசைக்காரரின் மனைவி, உடன்கட்டையிலிருந்து தப்பி வந்த பிராமணப் பெண். கதை ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1821ல் காசிமிர் தெலவின் பாரிஸ் மேடையில் ‘லெ பாரியா’ என்று நாடகம் போட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியில் மிக்கேல் பேயரின் நாடகம், கேத்தேயின் கவிதை, பிறகு இத்தாலியில் தோனிசெத்தியின் இசை நாடகம். 1838ல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்ணுரிமைப் போராளி, கணவனை விட்டு வந்ததற்காகச் சமூகம் தன்னைத் தள்ளிவைத்ததைச் சொல்லும் தன் பயண நூலுக்கு ‘ஒரு பாரியாவின் பயணங்கள்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்.

இவர்களில் யாரும் நம்மைத் திட்டுவதற்காக எழுதவில்லை. பாதிப்பேர் பரிவோடுதான் எழுதினார்கள். ஆனால் அந்தக் குடிசையில் இருந்தவர் மெல்ல மெல்லக் காணாமல் போய், பெயர் மட்டும் ஐரோப்பாவின் பொதுச்சொத்தாகத் தங்கிவிட்டது. எம்.ஏ. வகுப்பில் மாக்ஸ் வெபரைப் படித்தபோது யூதர்களை அவர் ‘பரையா மக்கள்’ என்று எழுதியதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். ஹன்னா ஆரெண்ட் 1944ல் யூதரைப் பரையாவாக வைத்து எழுதிய கட்டுரையையும் படித்தோம். தள்ளப்பட்டவன் தன் நிலையை உணர்ந்து நிமிர்ந்து நிற்பதைப் பற்றிய அருமையான கட்டுரை அது. ஆனால் வெபர் வகுப்பில் பேராசிரியர் உட்பட யாரும் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டவில்லை. அந்தச் சொல்லின் சொந்தக்காரர்கள் பலர் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தோம், ஒன்றும் பேசாமல்.

அந்த வாரம் எங்களுக்குத் தெளிவான இன்னொரு விஷயத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் எடுத்தது. ஆங்கிலத்தில் ‘பரையா’ என்றால் தனித்து விடப்பட்டவர். அவரோடு யாரும் பேசமாட்டார்கள், யாரும் கூப்பிடமாட்டார்கள், அவரில்லாமலே ஊர் நடக்கும். டெல்டாவில் நடந்தது இதுவா? நம் தாத்தாக்களை யார் தனியே விட்டார்கள்? விடியுமுன் வாசலில் வந்து கூப்பிட்டார்கள். வரவில்லையென்றால் அடித்து இழுத்துப் போனார்கள். பண்ணையாள் ஒரு மிராசுதாரை விட்டு இன்னொருவரிடம் போக முடியாது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன், அப்பன் வாங்கிய கடன் என்று பரம்பரையாகக் கட்டிப்போட்டிருந்தார்கள். 1843ன் சட்டம் அடிமைமுறைக்குக் கொடுத்துவந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. பண்ணையடிமை மட்டும் நூறு வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. எதிர்த்துப் பேசினால் சவுக்கடியும் சாணிப்பாலும். பி. சீனிவாசராவ் 1940களில் இங்கே வந்து சங்கம் கட்டும்போது முதல் போராட்டமே அந்த இரண்டு தண்டனைகளுக்கும் எதிராகத்தான். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆனது.

ஆக, ஒரே உடம்பை வயலுக்கு இழுத்தார்கள், வாசலில் நிறுத்தினார்கள். அவர் நட்ட நெல் எல்லாச் சாமிக்கும் படையலாகும், அவர் மட்டும் கோயிலுக்குள் போகக்கூடாது. அவர் மேளம் இல்லாமல் பாடை கிளம்பாது, ஆனால் அவர் வீட்டுப் பிணம் அந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது. ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற அகராதிப் பொருள் இந்த இழுப்பைச் சொல்வதில்லை. அது தள்ளியதை மட்டும் எழுதுகிறது. வேலை வாங்கியதை எழுதுவதில்லை. நிஜமாகவே ஒதுக்கிவிட்டிருந்தால், ஒதுங்கிப் போய் நாலு ஏக்கர் திருத்திப் பிழைத்திருப்பார்கள் நம் ஆட்கள்.

போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவர்களிடம் கூலி உயர்வு கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1968 டிசம்பர் 25 இருக்கிறது. கீழ்வெண்மணி. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களை விடுவித்தது. அப்படிப்பட்ட பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று நீதிமன்றமே சந்தேகப்பட்டது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வெண்மணி நினைவு நாளுக்குப் போன அனுபவம் உண்டு. அதனால் இதைச் சுருக்கமாகவே சொன்னோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘பாய்காட்’. நாம் தேர்தல் புறக்கணிப்பு, வகுப்புப் புறக்கணிப்பு என்கிறோமே, அது. இதுவும் ஒரு பெயர்தான். 1880ல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். நம்ம ஊர் பண்ணைக் காரியக்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட விவசாயிகளை அவர் வெளியேற்றப் பார்த்தார். நிலச் சங்கம் சொன்னபடி ஊரே அவரைக் கைவிட்டது. வேலைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை, தபால் கொண்டுவரவும் ஆளில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டிவந்து, ஆயிரம் சிப்பாய்களின் காவலில் அறுவடை செய்தார்கள். அறுத்த விளைச்சலின் மதிப்பைவிடப் பாதுகாப்புச் செலவு பல மடங்கு. அந்த வருடமே அவர் பெயர் ஒரு சொல்லாகிவிட்டது.

இரண்டு சொல்லையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். இரண்டும் வயல்காட்டில் பிறந்தவை. இரண்டும் பெயர்ச்சொற்கள். அங்கே உழுதவர்கள் ஒன்றுசேர்ந்து ஏஜெண்டை ஒதுக்கினார்கள், மொழி ஏஜெண்டின் பெயரை எடுத்துக்கொண்டது. இங்கே நிலத்தை வைத்திருந்தவர்கள் உழுதவர்களை ஒதுக்கினார்கள், மொழி உழுதவர்களின் பெயரை எடுத்துக்கொண்டது. ஒதுக்கியவர்கள் பெயரில் உலகத்தில் ஒரு சொல்கூட இல்லை. இந்த இடத்தில் ஒரு பெண், “அப்ப மிராசுனு ஒரு வேர்டு இங்கிலீஷ்ல போயிருக்கணும் அக்கா” என்றார். எங்களுக்கு இது தோன்றவில்லை. தோன்றியது அவருக்குத்தான்.

சொல்லைப் பற்றி நம் முன்னோர் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. கடுமையாகச் சண்டையே போட்டிருக்கிறார்கள். 1893ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். ஒளிந்துகொண்டு வாழ்ந்தால் உரிமை கேட்க முடியாது, பெயரைச் சொல்லி முன்னால் வந்து நில் என்பது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதருக்கு இது ஒப்பவில்லை. அந்தப் பெயரே பகைவர் சூட்டியது, நாம் பூர்வ பௌத்தர்கள், சாதிபேதமற்ற திராவிடர்கள் என்றார் அவர். 1907ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி, இறக்கும்வரை அதில் எழுதினார். வேஷ பிராமணர்களின் பொய்யை ஊருக்குப் பறைந்ததால், அதாவது சொல்லிவிட்டதால், பறையர் என்று அழைக்கப்பட்டோம் என்பது அவர் கொடுத்த விளக்கம். மொழியியல்படி அது நிற்குமா என்பது வேறு. மேளத்தை வாங்கி வைத்துவிட்டு வாயைக் கையில் கொடுத்தாரே, அதைப் பாருங்கள். பிறகு 1922ல் எம்.சி. ராஜா சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தார். பெயர்ச் சண்டை இன்றும் ஓயவில்லை. 2021ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவினருக்குத் தேவேந்திரகுல வேளாளர் என்று பெயர் வந்தது. எங்கள் வகுப்பில் இரண்டு தெருப் பிள்ளைகளும் உட்காருகிறார்கள், அதனால் அதையும் சொன்னோம்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர்களோடு இந்தச் சொல்லும் போனது. மலேசியாவில் அது இன்றும் வசவு. 2011ல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு அப்துல்லா உசேனின் ‘இன்டர்லோக்’ நாவலைப் பாடமாக வைத்தபோது, அதில் வந்த ‘பரியா’ என்ற சொல்லுக்கு எதிராகத் தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு இறுதியில் அரசு புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. போராட்டம் நியாயமானது. ஆனால் அதற்குள் இரண்டு குரல்கள் இருந்தன. ஒரு மனிதரையும் அப்படி அழைக்காதே என்றது ஒன்று. நாங்கள் எல்லோரும் அந்தச் சாதி இல்லை, எங்களைப் போய் அதில் சேர்க்கிறாயே என்றது இன்னொன்று. இரண்டாவது குரல் கேட்டபோது நமக்கு வந்த கோபம், நாவலைப் பார்த்து வந்த கோபத்தைவிடக் கொஞ்சமும் குறைவில்லை.

தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2008ல் ஸ்வரண் சிங் வழக்கில், ஒரு சாதிப் பெயர் இன்று எந்த அர்த்தத்தில் மக்கள் வாயில் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும், அகராதியில் தோல் வேலை செய்பவர் என்று இருக்கிறதே என்று தப்பிக்க முடியாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. சமூகப் புறக்கணிப்பு செய்தாலோ, செய்வேன் என்று மிரட்டினாலோ அதுவும் 2015 திருத்தத்துக்குப் பின் தனிக்குற்றம். ஆங்கிலத்தில் யாரையாவது ‘பரையா’ ஆக்குவோம் என்கிறார்களே, அந்தச் செயல் இங்கே சிறைத்தண்டனைக்கு உரியது. ஆங்கில நாளிதழ் தலைப்பை மட்டும் எந்தச் சட்டமும் தொடாது. அது வெளிநாட்டுச் சொல் என்று கணக்கு.

சொல் ஒரு பக்கமாகவே போவதில்லை. நம் பெயர் ஆங்கிலத்துக்குப் போன மாதிரி, ஆங்கிலச் சொல் ஒன்று நம் தெருவுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது: காலனி. சென்னையில் காலனி என்றால் அதிகாரிகள் வீடு. டெல்டாவில் பஸ் கண்டக்டர் “காலனி ஸ்டாப்” என்று குரல் கொடுத்தால் யார் இறங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் இலத்தீன் வேரைத் தேடினால், நிலத்தைப் பண்படுத்துகிறவர் என்று வருகிறது. அந்த வகையில் பொருத்தமான பெயர்தான்! 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டசபையில், இந்தச் சொல் ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். 2022ல் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தித் தலைமைச் செயலாளர் கடிதம் அனுப்பியதும் நினைவிருக்கலாம். ஒலிபெருக்கி இருக்கும்போது ஒருவர் கழுத்தில் எதற்கு மேளம்? இரண்டையும் வரவேற்கிறோம். எங்கள் ஊர் நிறுத்தத்தில் இன்னும் காலனி என்றுதான் இறங்குகிறோம்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் இவ்வளவையும் கொட்டவில்லை. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள், மாலை இரண்டு மணி நேரம்தான். சொல்லின் பொருளையும் உச்சரிப்பையும் சொன்னோம். தேர்வில் வந்தால் தெரிந்திருக்க வேண்டும், படித்தால் புரிய வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொன்னோம். பிறகு, அதே கருத்தைச் சொல்ல வேறு என்ன சொற்கள் இருக்கின்றன என்று கேட்டோம். ‘அவுட்காஸ்ட்’ என்றார் ஒருவர். உடனே இன்னொருவர் அதிலும் சாதி இருக்கிறதே என்றார். நல்ல சந்தேகம். ஆனால் அந்தச் சொல்லில் இருப்பது சாதி இல்லை. ‘காஸ்ட்’ என்றால் தூக்கி எறி என்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல், அதிலிருந்து வந்தது. சாதியைக் குறிக்கும் சொல் போர்த்துகீசிய ‘காஸ்டா’விலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக வரும். காதுக்கு ஒன்றாகக் கேட்கும், கண்ணுக்கு வேறு. இதைச் சொல்லித்தரத்தான் ஆங்கில வகுப்பு.

அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் நடிகர் செய்தியின் வரியை நோட்டில் திருத்தி எழுதினார்: யாரும் அவரோடு வேலை செய்ய விரும்பவில்லை, அவ்வளவுதான். இலக்கணப் பிழை ஒன்று இருந்தது, திருத்திக் கொடுத்தோம். அவர் எழுதியதில் விஷயம் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. வேலைக்குக் கூப்பிடாமல் போனது யார் என்பதும் அதில் இருந்தது.

பின்வரிசைப் பையன் எழுதவில்லை. வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்து நின்றான். அப்பாவின் குழு அடுத்த மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்லூரி விழாவுக்கு அடிக்கப் போகிறார்களாம். சாவுக்கு அடிப்பதை அவர்கள் விட்டு நான்கு வருடம் ஆகிறது. பேனரில் குழுவின் பெயரை ஆங்கிலத்திலும் போட வேண்டும், எப்படி எழுதுவது என்று கேட்டான். “கடைசில அந்த ‘ஆ’ வரக்கூடாது சார்” என்றான். பி, ஏ, ஆர், ஏ, ஐ என்று அவன் உள்ளங்கையிலேயே எழுதிக் கொடுத்தோம்.